இனெஸின் கதையில் நான் தப்பிப் போனேன்

பலெர்மோவில் ஒரு கட்டடத்தின் கீழ்வாசலில் நின்று மணியை அழுத்தினால், சுவரில் பதித்த சின்னப் பெட்டிக்குள்ளிருந்து "யார்?" என்று ஒரு குரல் கேட்கும். இந்த ஊர்க்காரர் அதற்குச் சொல்லும் பதில் "யோ" என்பதுதான். நான் என்று அர்த்தம். பெயரும் இல்லை, ஊரும் இல்லை, வந்த காரியமும் இல்லை. வெறும் "நான்". உடனே கதவு டொக்கென்று திறந்துவிடும். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எந்த நான் என்று மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரிகிறது. குரலிலேயே தெரிந்துவிடுகிறதாம். ஒருநாள் சந்தையால் வந்தபோது இரண்டு கையிலும் பை, கதவுத் திறப்பை எடுக்க வழியில்லை. முழங்கையால் மணியை அழுத்திவிட்டு நானும் "யோ" என்று சொல்லிப் பார்த்தேன். "எந்த நான்?" என்றது பெட்டி. "மாரா" என்றேன். "எந்த மாரா?" "பதாந்தே மாரா" என்ற பிறகுதான் கதவு திறந்தது. பதாந்தே என்றால் வயதானவர்களோடு கூடவே தங்கியிருந்து பார்ப்பவள். மாரா என்றால் நான்தான். அம்மா அப்பா வைத்த பெயர் மலர். அது இவர்களுடைய வாயில் நிற்கவில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா அகத்தாவின் வீடு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு தெருவில், நாலாம் மாடியில் இருக்கிறது. சிஞ்ஞோரா என்பது இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். சிஞ்ஞோராவுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகள் தொனாத்தெல்லாதான் எல்லாம் பார்க்கிறாள். சிஞ்ஞோராவுக்கு மறதி நோய். காலையில் என்னைத் தெரியும், மத்தியானம் தெரியாது, பின்னேரம் தன்னுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி என்று நினைத்துக் கொள்வார். குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எனக்கு. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எனக்குரியவை. மிச்ச நாட்களெல்லாம் நான் அந்த வீட்டின் ஒரு சாமான் மாதிரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதை வாசிக்கிற எங்களுடைய பெண்கள் பலருக்கு இதே கதைதான், வீட்டு இலக்கம்தான் வேறு.

என் கணவர் எனக்கு முன்பே இங்கே வந்துவிட்டார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். முதலில் என்னை எடுப்பது, பிறகு மகளை எடுப்பது என்று திட்டம். நான் வந்து சில வருடங்களில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் "பிறகு" வரவேயில்லை. மகள் சர்மிளா என் தங்கச்சியிடம் மானிப்பாயில் வளர்ந்தாள், படித்தாள், அங்கேயே கலியாணமும் கட்டினாள். அவளுடைய கலியாண வீட்டை நான் ஃபோனில் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் யாரோ குறுக்கே வந்து நின்றுவிட்டார்கள்.

இனெஸ் வந்தது மாரி முடிந்த காலத்தில். சிஞ்ஞோராவின் கணவர் உயிரோடு இருந்தபோது அலுவலகமாக வைத்திருந்த அறை ஒன்று எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதற்குத் தனி வாசல். தொனாத்தெல்லா அதை வாடகைக்கு விட்டாள். "அமெரிக்காவிலிருந்து ஒரு எழுத்தாளர் வருகிறாள், குசினியை மட்டும் உங்களோடு பாவிப்பாள், வரும்போது நீ கதவைத் திறந்துவிடு" என்றாள். நான் வெள்ளைத் தலைமயிர், நீலக் கண் என்று மனத்தில் ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தேன். லிஃப்டைத் திறந்து வெளியே வந்தவளைப் பார்த்தால் என் மச்சாள் மாதிரி இருந்தாள். அதே மாநிறம், அதே கட்டையான கழுத்து, எண்ணெய் வைத்தது போன்ற கறுத்த மயிர். எனக்கு வாய் நிற்கவில்லை.

"வாங்கோ, வாங்கோ. நீங்கள் ஊரிலை எவ்விடம்?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டு ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி அவ்வொக்காத்தோவின், அதாவது வழக்கறிஞரின், மனைவி மேலே ஏறி வந்தாள். இனெஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஓ, மாரா, படி கழுவப் புது ஆள் பிடித்துவிட்டாயா? நல்லது. இவளிடம் சொல், எங்கள் மாடியில் மூலையெல்லாம் தூசி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இனெஸுக்கு இத்தாலியன் கொஞ்சம் விளங்கும். அவளுடைய முகம் இருண்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் அவளைப் பார்த்த உடனே என் ஆள் என்றுதானே நினைத்தேன். இரண்டும் ஒன்றில்லைத்தான், ஆனால் இரண்டு பேரும் பார்த்தது அந்தத் தோலைத்தான்.

அவளுடைய பெற்றோர் மெக்சிக்கோவிலிருந்து டெக்சாசுக்குப் போனவர்கள். அவள் பிறந்ததே அங்கேதான். தன்னை லத்தீனா என்று சொன்னாள். அவளுடைய இத்தாலியனில் பாதி ஸ்பானிஷ், என்னுடையதில் பாதி கைச்சாடை. அப்படியிருந்தும் காலையில் சிஞ்ஞோரா பாணைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிடும் நேரம் நாங்கள் இரண்டு பேரும் குசினியில் நிறையக் கதைத்தோம். என் சரியான பெயரையும் அவளுக்கு அங்கேதான் சொன்னேன்.

"நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஃபந்தஷென்சா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் மேலே கையைக் காட்டி, "வருங்காலம். இனிமேல் நடக்கப்போவது" என்றாள்.

"அப்ப நீங்கள் சாத்திரம் சொல்லுகிறீர்கள்! என்ரை பெர்மெஸ்ஸோ எப்போது வரும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கையை நீட்டினேன்.

அவள் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். நான் பகிடி விடுகிறேனா உண்மையாகவே கேட்கிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு ரிச்சேவூத்தா, பற்றுச்சீட்டு, மட்டும் இருந்தது. அதோடு ஊருக்குப் போய் வரலாம் என்று சிலர் சொன்னார்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலும் ஆளைத் தெரியும் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் இனெஸ் விளக்கமாகச் சொன்னாள். சின்ன வயதில் அவள் நூலகத்தில் விண்கப்பல் கதைகளைத் தேடித் தேடி வாசித்தாளாம். ஆயிரம் வருடம் கழிந்த பூமி, எல்லாக் கிரகங்களிலும் மனிதர். ஆனால் அந்த மனிதர்களுக்குள் அவளுடைய அம்மாவின் நிறத்தில் ஒருத்தரும் இல்லை. அந்த நிறத்தில் வந்ததெல்லாம் மற்றவை. ஊருக்குள் புகுந்து வருகிற கூட்டம், பிடித்துக் கூட்டில் அடைக்க வேண்டிய கூட்டம். ஆங்கிலத்தில் வெளிநாட்டுக்காரனுக்குச் சட்டம் வைத்த பெயரும், வேற்றுக்கிரகத்து உயிருக்குச் சொல்லும் பெயரும் ஒரே சொல்லாம், ஏலியன். "அதனால்தான் நாங்களே எழுதத் தொடங்கினோம்" என்றாள். அவளைப் போலப் பலர் எழுதுகிறார்களாம். எல்லைச் சுவர், தடுப்பு முகாம், வயல்வேலை, வீட்டுவேலை எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டுபோய் விண்வெளியில் வைத்துப் பார்க்கிறார்களாம். "இங்கே எங்களுக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது" என்று நான் சொன்னேன். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தவர்களை இவர்கள் எக்ஸ்ட்ராகொமுனித்தாரியோ என்பார்கள். வேற்றுக்கிரகவாசி எக்ஸ்ட்ராதெர்ரெஸ்த்ரே. இரண்டும் எக்ஸ்ட்ராதான். இனெஸ் மேசையில் அடித்துச் சிரித்தாள். சிஞ்ஞோராவும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

கப்பல் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறொரு கப்பல் ஞாபகம் வரும். சண்டையில் ஏ-ஒன்பது தரைப்பாதையைப் பூட்டியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர எங்களைப் போன்ற சனத்துக்கு இருந்த வழி காங்கேசன்துறைக் கப்பல்தான். அதற்கு இராணுவத்தின் கிளியறன்ஸ் வேண்டும். அதற்காக அலைந்தது பெரிய கதை. கடைசியில் கிடைத்தபோது எனக்கு மட்டும்தான் கிடைத்தது. வழியனுப்ப வந்த தங்கச்சியையும் சர்மிளாவையும் பஸ் ஏற்றும் இடத்தோடு மறித்துவிட்டார்கள். சர்மிளா அப்போது பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள். அழவில்லை. "அம்மா, கப்பலிலை யன்னல் இருக்குமோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, இருக்கும்" என்று சொன்னேன். நாங்கள் இருந்த கீழ்த்தட்டில் யன்னல் இல்லை. வாந்தி மணமும் டீசல் மணமும்தான். திருகோணமலையில் இறங்கும்வரை பகலா இரவா என்றுகூடத் தெரியவில்லை.

அந்தச் சர்மிளா இப்போது பிள்ளைத்தாச்சி. ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். "அம்மா, இந்த முறை எண்டாலும் வருவியளோ?" என்று கேட்டாள். அந்த "இந்த முறை எண்டாலும்" என்பது என் நெஞ்சில் கொழுவிக்கொண்டது. தொனாத்தெல்லாவிடம் கேட்டேன். "மாரா, உன் பெர்மெஸ்ஸோ வரட்டும். வராமல் நீ போய் அங்கே அகப்பட்டுவிட்டால் மாமி என்ன செய்வாள்? ஆகஸ்ட் போகட்டும், பிறகு பார்ப்போம்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. என் தோளில் கையை வைத்துத்தான் சொன்னாள். ஆனால் என் வேலை ஒப்பந்தம் அவள் கையில், பெர்மெஸ்ஸோ அந்த ஒப்பந்தத்தில். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் என்ன கதைப்பது?

ஆடி மாதம் சிஞ்ஞோரா ஒருநாள் இரவுச்சட்டையோடு தெருவுக்கு இறங்கிவிட்டார். நான் உடுப்புக் காயப்போட பல்கனியில் நின்ற நேரம். என் ஏப்ரன் பையிலிருந்து திறப்பை எடுத்துத் தானே கதவைத் திறந்திருக்கிறார். பழக்கடைக்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். அன்று முதல் தொனாத்தெல்லா என் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டாள். காலையில் வருவாள், நான் கடைக்குப் போய் வரும்வரை இருப்பாள், போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவாள், பின்னேரம் திரும்ப வந்து திறப்பாள். "மத்தியானத்தில் நீ எங்கேயும் போவதில்லையே" என்றாள். உண்மைதான், நான் போவதில்லை. ஆனால் அந்தக் கனத்த இரும்புக் கதவுக்குள் பூட்டு நாலு தரம் சுழலும் சத்தம் கேட்டபிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அறைக்கு அறை நடந்தேன். இனெஸுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அவள் வெளியே சாப்பிடத் தொடங்கியிருந்ததால் அவளுக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டில் இந்த நகரம் காலியாகிவிடும். எல்லோரும் கடலுக்குப் போய்விடுவார்கள். கடைகளில் இரும்புத் தட்டி இறங்கியிருக்கும். அன்று ஆபிரிக்காப் பக்கமிருந்து ஷிரோக்கோக் காற்று வீசியது. அது வந்தால் வாய்க்குள் மண் கடிபடும், சுவர்கூடச் சுடும். தொனாத்தெல்லா கதவைப் பூட்டிவிட்டுச் சிநேகிதிகளோடு கடலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் நின்றது, ஏசி நின்றது. ஈரத்துணியால் சிஞ்ஞோராவின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுத்தால் வாயால் வழிந்தது. கண் செருகியது. மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் தொனாத்தெல்லாவுக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. அவசர எண்ணுக்கு அடித்தேன். விலாசம் சொன்னேன்.

"கதவைத் திறந்து வையுங்கள், ஆம்புலன்ஸ் வருகிறது" என்றாள் அந்தப் பக்கம் இருந்த பெண்.

"திறக்க முடியாது. வெளியே பூட்டியிருக்கிறது."

"நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?"

"உள்ளே."

"அது உங்கள் வீடா?"

"இல்லை. நான் இங்கே வசிக்கிறேன்."

"வசிக்கிறீர்கள் என்றால் திறப்பு இருக்கும்தானே?"

"இல்லை."

எனக்குப் பாஷை விளங்கவில்லை என்று அவள் நினைத்துவிட்டாள். குரலை உயர்த்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சிஞ்ஞோரா, திறப்பு. கதவைத் திறக்கும் திறப்பு. விளங்குகிறதா?" எனக்கு விளங்கியது. இத்தனை வருடத்தில் அன்றைக்கு விளங்கியது மாதிரி ஒரு நாளும் இத்தாலியன் விளங்கியதில்லை.

அழைப்பை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவில் அடித்தேன். "இனெஸ்! இனெஸ்!" என்று கத்தினேன். எதிர் வாசல் திறக்கும் சத்தம் கேட்டது. "திற" என்றாள். "திறப்பு இல்லை" என்றேன். அவள் அந்தப் பக்கமிருந்து கதவை உதைக்கத் தொடங்கினாள். இரும்புக் கதவு, அது என்ன அசையுமா? தீயணைப்புப் படையைக் கூப்பிடு என்று நான் சொல்ல, அவள் கீழே ஓடினாள். அவர்கள் வரும்வரை நான் சிஞ்ஞோராவை மடியில் சாய்த்து விசிறிக்கொண்டிருந்தேன். எனக்குள் ஓடிய எண்ணங்களைச் சொல்ல வேண்டும். இவர் செத்துவிடுவாரோ என்று பயந்தேன். அதோடு சேர்ந்தே, இவர் செத்தால் என் ஒப்பந்தம், என் அறை, என் பெர்மெஸ்ஸோ எல்லாம் ஒரே நாளில் போகும் என்றும் பயந்தேன். செத்த பிறகு பூட்டிய வீட்டுக்குள் பிணத்தோடு இருக்கும் வெளிநாட்டுக்காரியை இவர்கள் என்ன கேட்பார்கள் என்றும் பயந்தேன். மூன்று பயமும் ஒரே நேரத்தில் வந்தன. எது முதல் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஏணி வைத்துப் பல்கனியால் ஒரு தீயணைப்பு வீரன் உள்ளே குதித்தான். நல்ல முகமுள்ள பெடியன். நான் அறை நடுவில் சிஞ்ஞோராவை அணைத்துக்கொண்டு இருக்கிறேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டில் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டான்.

"நான் இருக்கிறேன்" என்றேன்.

"இல்லை, யாராவது ஒருத்தர்" என்றான்.

கதவின் பூட்டை இரும்பு வாளால் அறுத்தார்கள். மாடிப்படி முழுக்க, ஊரில் மிஞ்சியிருந்த சனம் நின்று பார்த்தது. சிஞ்ஞோராவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உடம்பில் நீர் வற்றிப்போய்விட்டது என்றார்கள். சேலைன் ஏற்றிய பிறகு கண்ணைத் திறந்து, கோப்பி கேட்டாராம். கூடப் போன இனெஸ்தான் வந்து சொன்னாள். அறுத்த கதவுக்குப் பக்கத்தில் நான் நிலத்தில் இருந்தேன். அந்தப் பெடியன் போகும்போது எனக்கும் ஒரு போத்தில் தண்ணீர் தந்துவிட்டுப் போனான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொனாத்தெல்லா அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். புதுப் பூட்டுப் போட்டு என் கையில் ஒரு திறப்பைத் தந்தாள். இனெஸுக்கு அது போதவில்லை. பொலிசில் தெனுன்சியா, அதாவது முறைப்பாடு, கொடுக்க வேண்டும் என்று நின்றாள்.

"மனுசரைப் பூட்டி வைப்பது குற்றம். நான் கூட வருகிறேன், நான் சாட்சி" என்றாள்.

"கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும்."

"அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா?"

"உன்ரை பாஸ்போட் கதைக்குது, இனெஸ்" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு பாஸ்போட் என்ற சொல் மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது. அன்று லிஃப்டடியில் அந்த வழக்கறிஞரின் மனைவி எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாகத்தான் பார்த்தாள். ஆனால் பக்கத்து ஊர் பகேரியாவுக்கு றெயினில் போகும்போது பரிசோதகர் எங்கள் இரண்டு பேரிடமும் பத்திரம் கேட்டால், இனெஸ் அந்த நீலப் புத்தகத்தை எடுத்துக் காட்டியவுடன் அவருடைய குரலே மாறும். நான் பார்த்திருக்கிறேன். பிறகு பல நாள் நாங்கள் கதைக்கவில்லை. அவளுடைய அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

புரட்டாதி கடைசியில் அவள் வாசலில் வந்து நின்றாள். பொலிதேயாமாவுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக்கடையில் தன்னுடைய கதையை வாசிக்கப் போவதாகவும், யாரோ இத்தாலியனில் மொழிபெயர்த்திருப்பதாகவும், வியாழன் பின்னேரம்தான் என்றும் சொன்னாள். "நீங்கள் வர வேண்டும். வந்து பிடிக்கவில்லை என்றால் ஏசுங்கள்" என்றாள். நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனேன். இருபது முப்பது பேர் இருந்தார்கள். என்னையும் இனெஸையும் தவிர எல்லோரும் வெள்ளை.

கதை இதுதான். ஒரு பெரிய விண்கப்பல். பணக்காரக் கிழவர்கள் சாகாமல் இருப்பதற்காக அதில் ஏறிப் போகிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்கு, கடலில் மூழ்கிய ஒரு உலகத்திலிருந்து மாநிறச் சனத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கப்பலுக்கு ஒரு கண் உண்டு. ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் என்று அது பார்த்துச் சொல்லும். ஆனால் அந்தக் கண்ணைச் செய்தவர்கள் மாநிறத்தவரையும் ஆளாக எண்ண அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு அறையில் கிழவியும் அவளைப் பார்ப்பவளும் இருந்தால், ஒருத்தர் என்று சொல்லும். பார்ப்பவள் மட்டும் இருந்தால், அறை காலி என்று சொல்லும். அப்படிப்பட்ட ஒருத்தி ஒருநாள் யோசிக்கிறாள். நான் இருப்பது இதற்குத் தெரியாது என்றால், நான் போவதும் தெரியாதுதானே? அவள் எழும்பி நடக்கிறாள். கதவு கதவாகக் கடக்கிறாள். வழியில் மற்ற அறைகளில் இருப்பவர்களையும் கூப்பிடுகிறாள். சின்ன ஓடம் ஒன்றில் ஏறி எல்லோரும் போய்விடுகிறார்கள். கப்பல், எல்லாம் வழமைபோல என்று அறிவித்துக்கொண்டே போகிறது. அந்தப் பெண்ணின் பெயர் மலர். மாரா இல்லை, மலர். அந்தக் கடையில் மொழிபெயர்ப்பை வாசித்த ஒரு இத்தாலியன் வாய் என் பெயரைச் சரியாகச் சொல்லக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் எழும்பி, இது எங்கள் காலத்துக் கதை, இதில் வருவது வருங்காலமே இல்லை என்று நீளமாகக் கதைத்தார். இனெஸ் என்னைப் பார்த்தாள். அவள் கையைக் காட்டவில்லை, என் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அங்கே சேலையோடு இருந்தது நான் ஒருத்திதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகள் திரும்பின. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "தைரியம்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து நடந்தோம். கடற்கரைப் பக்கத்துக் காற்று வந்துகொண்டிருந்தது.

"பிடித்ததா?" என்று இனெஸ் கேட்டாள்.

"அந்தக் கிழவிக்கு என்ன நடந்தது?"

"எந்தக் கிழவி?"

"மலர் விட்டுவிட்டுப் போன கிழவி. அவளைத் திருப்பிப் படுக்க வைப்பது யார்? நனைந்துபோய்க் கிடப்பாளே."

"கதை அங்கே முடிந்துவிட்டது, மலர்."

"எனக்கு முடியவில்லை. திறப்பு இப்போது என் பையில் இருக்கிறது. கதவு திறக்கும். நான் எங்கே போவது? எனக்கு ஓடம் எங்கே இருக்கிறது?"

அவள் நடையை நிறுத்தினாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பூட்டிய கடையின் படியில் இருந்தாள், என்னையும் இருக்கச் சொன்னாள். "அது நீங்கள் மட்டும் இல்லை" என்றாள். அவளுடைய அம்மா டெக்சாசில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாளாம். அந்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிக்க வைத்து, சாப்பாடு தீத்தி, படுக்க வைத்த பிறகுதான் தன் வீட்டுக்கு வருவாளாம். அவளுக்குப் பத்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. தன் தாய் செத்ததற்கும் மெக்சிக்கோவுக்குப் போகவில்லை, போனால் திரும்ப வர முடியாது என்பதால். முழங்கால் தேய்ந்து, அந்த வீட்டிலிருந்து வந்த ஒரு மாலையில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டாளாம். "நான் எத்தனையோ கதை எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே நடக்க வைத்துப் பார்க்கிறேன்" என்றாள். "உங்கள் பெயரைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். அவளுடைய பெயரை எழுத எனக்குக் கை வராது."

எனக்கு அவளைவிடச் சர்மிளாதான் முன்னால் வந்து நின்றாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "சின்ன வயதில் அம்மாவில் கோபமா இருந்தாயா?"

"ஓம்" என்றாள். அந்தச் சொல்லை அவள் என்னிடம்தான் பழகியிருந்தாள். "ஒவ்வொரு நாளும். அவள் வந்தவுடன் நித்திரை மாதிரிக் கிடப்பேன். அவள் தலையைத் தடவிவிட்டுப் போவாள். நான் கண்ணைத் திறக்கமாட்டேன்."

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. என்னுடைய நேரம் முடிய, எழும்பி வீட்டுக்கு நடந்தோம். அடுத்த கிழமை இனெஸ் திரும்பிப் போனாள். விமான நிலைய பஸ்சில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள். விமான நிலையத்துக்குப் போகும் கடற்கரைப் பாதையில் நின்று விமானம் மேலே எழும்புவதை யாராவது பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நான் சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று ஓடிவந்துவிட்டேன்.

பிள்ளை, சொன்ன காலத்துக்குக் கொஞ்சம் முந்திப் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. பெர்மெஸ்ஸோ இன்னும் வரவில்லை. சர்மிளா ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அன்று வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே மத்தியானம். சிஞ்ஞோராவுக்கு சூப் தீத்திக்கொண்டிருந்தேன். ஃபோனை உப்புப் போத்திலில் சாத்தி வைத்துவிட்டுப் பார்த்தேன். துணிக்குள் சுற்றின சின்ன முகம், கண் மூடியபடி, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

சிஞ்ஞோரா கரண்டியை விலக்கிவிட்டு முன்னால் குனிந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆ கூ அப்பார்தேனி?" என்று பிள்ளையிடம் கேட்டார். சிசிலிப் பேச்சில் கிழவர்கள் குழந்தைகளைக் கண்டால் கேட்பது அது. நீ யாருக்குச் சொந்தம், யாருடைய ஆள் என்று அர்த்தம்.

"என்னவாம், அம்மா?" என்றாள் சர்மிளா.

"ஆற்றை பிள்ளை எண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோவன், உங்கடை பேத்தி எண்டு."

"மியா நிப்போத்தே" என்று சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். என் பேத்தி. ஆனால் இத்தாலியனில் பேத்திக்கும் தம்பி மகளுக்கும் ஒரே சொல்தான். சிஞ்ஞோராவின் கண் கலங்கியது. "தொனாத்தெல்லா" என்றார். "தொனாத்தெல்லா பிறந்துவிட்டாள்." சூப் பட்ட விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தடவினார். அந்த விரல் பட்டதில் திரையில் இருந்த படங்கள் இடம் மாறின. பிள்ளை ஒரு மூலைக்குப் போய் முத்திரை அளவில் சுருங்கிவிட்டது. என் முகம் பெரிதாக வந்து திரையை நிரப்பியது. பின்னால் பலெர்மோக் குசினியின் மஞ்சள் ஓடுகள், நெற்றியில் வேர்வை, அதற்குமேல் சூப்பின் கறை.

சிஞ்ஞோரா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பக்கத்தில் நான் இருப்பதை மறந்துவிட்டு, அதை விரலால் தொட்டு, பிள்ளையிடம் கேட்ட அதே அன்போடு கேட்டார்.

"ஆ கூ அப்பார்தேனி?"

"அம்மா," என்றது ஃபோன், "இருக்கிறியளோ? என்ன, சத்தத்தைக் காணேல்லை?"